கிழிசலுக்கு உட்பட்டு

ஓசூரில் நான் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் உலகத்தை ஒழுங்காகப் படித்த மனிதர் ஒருவரைத்தான் சந்தித்தேன். அவர் தன் வாழ்நாளில் கடந்த ஒரே எல்லை அத்திப்பள்ளி செக்போஸ்ட். அதையும் ஞாயிற்றுக்கிழமைகளில், பஸ்ஸில் நின்றபடி கடந்து, பெங்களூர் நடைபாதைக் கடைகளில் பழைய அகராதிகளை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்.

எல்லோரும் அவரை வெளியுறவு என்று அழைத்தார்கள். அவர் வேலை செய்த தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். பெயரையும் வயதையும் கேட்காமல் யாரைப் பற்றியும் எழுதக்கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. நான் ஒரு நாளிதழின் ஓசூர் நிருபர். சானமாவுக் காட்டில் யானை, ராயக்கோட்டையில் தக்காளி விலை, கெலவரப்பள்ளி அணையில் நீர்மட்டம் என்று ஏதாவது ஒன்று தினமும் கிடைக்கும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒரே வரிசையில் பத்து வீடுகள், ஒரே மின்சார மீட்டர், ஒரே குழாய். மதுரைப் பக்கத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது ஷிப்டுக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் மேலாகத் தெலுங்கு பேசும் ஓனரம்மா. தமிழில் ஆரம்பித்த சண்டை தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் முடியும்.

வெளியுறவு எட்டாம் நம்பர் வீட்டில் தனியாக இருந்தார். பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. வெளிநாடுகளிலிருந்து வரும் மரப்பெட்டிகளைப் பிரித்து, சாமான்களைச் சரிபார்த்து அடுக்க வேண்டும். பெட்டிக்குள் சாமான் ஆடாமல் இருக்க, அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். வெளியுறவு ஒவ்வொரு உருண்டையாகப் பொறுக்கி, பையில் நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, படித்தார்.

இதில் ஓனரம்மாவுக்கு இரண்டு ஆட்சேபணைகள். ஒன்று, மீட்டர். மற்றது, அவருடைய சட்டை.

"ஏமய்யா, சொக்கா எல்லாம் கசங்கிக் கெடக்குது. பேப்பரப் போயி தேய்க்கிறியே?"

"சட்டைய யாரும்மா படிக்கப் போறாங்க?"

அந்தக் கலையில் அவர் தேர்ந்தவர். என்னிடம் ஒருமுறை விளக்கினார். "ஜெர்மன்காரன் பேப்பரு காட்டன் சூடு தாங்குங்க. கொரியாக்காரனுது பட்டு மாதிரி, லேசாக் காட்டணும். ரஷ்யாவுது மை எழும்பும், மேல ஈரத் துணி போட்டுத்தான் தேய்க்கணும்." ஒரு நாட்டின் தன்மையை இவ்வளவு சுருக்கமாகவும், மறுக்க முடியாதபடியும் சொன்ன வேறொருவரை நான் கேட்டதில்லை.

அவருக்கு இந்த மொழிகள் எதுவும் தெரியாது. தெரியாதது ஒரு தடை என்றும் அவருக்குத் தெரியாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பத்தி என்ற வேகத்தில் முன்னேறினார். சாமி காலண்டர் மாட்ட வேண்டிய ஆணியில் ரஷ்ய எழுத்துகளின் அட்டவணை தொங்கியது. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு நோட்டு, பெட்டியில் வந்த பழுப்புக் காகிதத்தில் அட்டை. உள்ளே நான்கு தலைப்புகள்: அரசியல், வரலாறு, பழக்கவழக்கம், கிழிசல்.

கடைசித் தலைப்புக்குத்தான் பக்கங்கள் அதிகம். கசக்கித் திணித்த பேப்பர் முழுதாக வராது. பாதிச் செய்தியில் கிழிந்திருக்கும். எந்த இடத்தில் எந்த வடிவத்தில் கிழிந்தது என்று நோட்டில் பென்சிலால் வரைந்துகொள்வார். அதற்கு அப்பால் ஒரு சொல் பேசமாட்டார்.

லைன் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். குடங்களின் வரிசை நகர்வதற்குள் ஒரு நாட்டின் அரசியலை அவர் சொல்லி முடிப்பார். கேட்பவர்களுக்குப் பொழுது போக வேண்டும். அவருக்கு உண்மை போகக்கூடாது.

"அப்புறம் அந்தப் பிரதமரு ராஜினாமா பண்ணாரா இல்லியாண்ணா?"

"கிழிஞ்சிடுச்சி."

"அட, நீயா ஒண்ணு சொல்லேன். எங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

"நானா சொன்னா அது என் நாடு. அவங்க நாடு இல்ல."

இதைக் கேட்டுக்கொண்டு என் குடத்துடன் நான் நின்றிருப்பேன். அன்று காலைப் பேப்பரில் சானமாவு யானைகளைப் பற்றி நான் எழுதிய செய்தி வந்திருக்கும். எத்தனை யானை என்று நான் எண்ணியிருக்க மாட்டேன். 'சுமார்' என்று போட்டிருப்பேன்.

ஒருநாள் அவர் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனார். தொழிற்சாலையில் கறுப்பு பேட்ஜுக்கு ஒரே அர்த்தம்தான்: போராட்டம். கேட்டைத் தாண்டுவதற்குள் ஏழு பேர் காரணம் கேட்காமல் கறுப்புத் துணி தேடிக் குத்திக்கொண்டார்கள். பத்து மணிக்கு மெஷின் ஷாப் முழுவதும் கறுப்பு. எனக்குத் தகவல் வந்து நானும் நோட்டுடன் கேட்டுக்கு ஓடினேன். உள்ளே பர்சனல் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்ததை வெளியுறவே பிறகு என்னிடம் சொன்னார்.

"என்ன டிமாண்ட்?"

"டிமாண்ட் ஒண்ணும் இல்லீங்க சார். செக் நாட்டுல ஒரு பெரியவரு தவறிட்டாரு. ரயில்வேயில இருந்தவரு. சங்கத்த ஆரம்பிச்சவராம். ஊரே அழுவுது."

"எப்ப?"

"மேல்மூலை கிழிஞ்சிருக்குதுங்க சார். பெட்டி நேத்துதான் வந்துச்சி."

மேனேஜர், எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டு மெஷினுக்குத் திரும்பலாம் என்றார். நின்றார்கள். வாயில் நுழையாத பெயர்கொண்ட ஒரு செக் நாட்டு ரயில்வேக்காரருக்காக ஓசூரில் ஒரு மெஷின் ஷாப் முழுவதும் ஒரு நிமிடம் ஓசையில்லாமல் இருந்தது. எனக்குச் செய்தி கிடைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பெட்டி நேற்று வந்தது, ஆகவே சாவும் நேற்று. இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையை மேனேஜர் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தே பிழைப்பு நடத்தும் நானும் பார்க்கவில்லை.

வெளியுறவை யாரும் விளையாட்டுக்காகக்கூட ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. அதற்குக் காரணம் ஒரு செக் நாட்டு இன்ஜினியர். புது மெஷினைப் பொருத்த வந்தவர், மூன்று நாட்களாக யாருடனும் பேசாமல் வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்று உயிர்வாழ்ந்தவர். ஸ்டோர்ஸ் கவுண்டருக்கு நட்டு வாங்க வந்தபோது வெளியுறவு அவருடைய ஊரைக் கேட்டு, நோட்டைப் புரட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த ஊரில் ஐந்தாம் நம்பர் டிராம் இன்னும் தாமதமாகத்தான் வருகிறதா? இன்ஜினியர் நட்டைக் கீழே வைத்தார். அரைமணி நேரம் அந்த டிராமைத் திட்டித் தீர்த்தார். அன்று மதியம் கேண்டீனில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகவே, மூன்றாம் நம்பர் வீட்டுப் பழனிக்கு வெளிநாட்டு வேலை வந்தபோது அவர் யாரைப் போய்க் கேட்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பழனி வெல்டர். மனைவி சரசு, ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. இருவரும் ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நாடு, பிரெஞ்சு பேசும் நாடு. நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு சிமென்ட் தொழிற்சாலை. வெளியுறவு வேலை செய்த கம்பெனியின் பம்புகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஓசூரில் ஓர் ஏஜெண்ட் மூலம் வெல்டர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போலாமா, வேணாமாண்ணா? நீ சொல்லு," என்றார் பழனி.

"ஏஜெண்ட் தேனாட்டம் பேசறாரு," என்றார் சரசு. "அந்த ஆளு சொல்றத நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா அனுப்பறேன்."

அந்த ஊரைப் பற்றி வெளியுறவிடம் ஐந்தரைத் தாள்கள் இருந்தன. ரிப்பேருக்காக அங்கிருந்து திரும்பி வந்த இரண்டு பம்புகளைச் சுற்றி வந்தவை. நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டார். ஸ்டோர்ஸ் சீட்டு ஒன்றின் பின்பக்கம் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். சரசு அதை ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தார். பின்னர் நான் பார்த்தேன்.

'மேயர் புது பஸ் நிலையம் திறந்தார். பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. கால்பந்தில் ஊர் தோற்றது, அடிதடி இல்லை. சிமென்ட் தொழிற்சாலைக்கு எதிரில் பேக்கரி, காலை ஆறு மணி முதல். கிழிசலுக்கு உட்பட்டு: போகலாம்.'

பழனி போனார். ஞாயிறுதோறும் மதியம், பசவராஜ் நடத்திய எஸ்டிடி பூத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். சரசு அரைமணி நேரம் முன்பே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று பழனி சொன்னதாக வெளியுறவிடம் வந்து சொல்வார். வெளியுறவு அதை நோட்டில் 'பழக்கவழக்கம்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்வார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அந்த நாட்டில் ராணுவ முகாம் ஒன்றில் சிப்பாய்கள் ஆயுதக்கிடங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்களுக்குள் இறங்கிவிட்டார்கள் என்று டிவியில் அடிவரியாக ஓடியதை யாரோ பார்த்துச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. ஏஜெண்டின் அறை பூட்டிக் கிடந்தது.

தண்ணீர் வரிசையில் சரசு கேட்டார். "அந்த ஊருல என்னாண்ணா நடக்குது?"

"எங்கிட்ட இருக்கறதுல அமைதியாத்தாம்மா இருக்குது."

குடம் நிரம்பி வழிந்ததுகூட யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் வெளியுறவு என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே நிற்பவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "உங்க ஆபீசுக்கு உலகம் பூரா வருமேங்க. கேட்டுச் சொல்லுங்க." நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏஜென்சிச் செய்தி வந்திருந்தது. மூன்று வரி. அந்த ஊரின் பெயர் அதில் இல்லை.

"மூணு வரியா? மிச்சம் கிழிஞ்சிடுச்சிங்களா?"

"இல்ல. அவ்வளவுதான் அனுப்பியிருக்காங்க."

அவர் அதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு பேப்பர் கிழியாமலேயே நின்றுவிட முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

பிறகு அவர் தன் ஐந்தரைத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். செய்திகளை விட்டுவிட்டு விளம்பரங்களில் விரலை ஓட்டினார். பேக்கரி விளம்பரத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. "பேக்கரிக்காரங்களுக்கு எதிர்ல என்னா நடக்குதுன்னு தெரியாதாங்க?" என்றார். உலகச் செய்தி நிறுவனங்கள் எவையும் செய்யாத ஒன்றை ஓசூர் எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் யோசித்திருந்தார்.

பூத்தில் பசவராஜ் நம்பரைச் சுழற்றினார். பதிவுசெய்த குரல் ஒன்று ஏதோ சொல்லிவிட்டு நின்றது. மறுபடியும் அதே குரல். பசவராஜ், நாடுகளின் கோடு எண்கள் அச்சிட்ட தன் தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏன் சார், இது ஹளே நம்பர். பழசு. இதுல ஆறு நம்பர்தான் இருக்குது. அந்த தேசத்துக்கு எட்டு வேணும். மாத்தி நாலு வருஷம் ஆச்சு, இங்க போட்டிருக்கான் பாருங்க."

வெளியுறவு கையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேல்மூலைகளைப் பார்த்தார். எதிலும் தேதி இல்லை. பம்புகள் எந்தத் துறைமுகத்தில் எத்தனை காலம் கிடந்தனவோ தெரியாது. பெட்டி வந்த நாளையே பேப்பரின் நாளாக எடுத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் படித்திருக்கிறார். பழனியை அனுப்பியது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அமைதி. அதற்குக் குறையாது.

அவர் பூத்தை விட்டு வெளியே வந்தார். நேராக நடந்து போய் மூன்றாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றார். நான் பின்னால் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, அதிகாரியிடம் கணக்கு ஒப்படைப்பவரைப் போலச் சொன்னார்.

"நான் சொன்னது பழைய ஊரும்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஊரு. தேதிய நான் பாக்கல. தப்பு என்னுது."

சரசு அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வெளியுறவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"போங்கண்ணா," என்றார் சரசு. "இப்ப வந்து சொல்லி என்னா ஆவப் போவுது." கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. வெளியுறவு வரவில்லை. அவருடைய குடம் மட்டும் வரிசையில் இருந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்களோ. ஓனரம்மா அதை நிரப்பி, எட்டாம் நம்பர் வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

பத்து மணிக்குப் பசவராஜ் வந்தார். இரவெல்லாம் கோடு புத்தகத்தைப் படித்திருந்தார். "பழைய நம்பர்க்கு முன்னாடி ரெண்டு நம்பர் சேத்தா ஆச்சு சார். அந்த ஊருக்கு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்." வெளியுறவு அன்று அரைநாள் லீவு போட்டார். வேலைக்குச் சேர்ந்து அவர் போட்ட முதல் லீவு என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒன்றரை மணிக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்றார். அப்போது அங்கே காலை எட்டு. ரொட்டி விற்கும் நேரம்.

ஒன்றரை மணிக்கு லைன் வீடு முழுவதும் பூத்தின் வாசலில் இருந்தது. சரசு பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார், விரல்களில் முள்ளுக்குச் சுற்றிய பிளாஸ்திரியோடு. கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெளியுறவு, ஒரு கையில் அகராதி, மறு கையில் தேய்த்த தாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒரு பெண்குரல்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சிக்கல் புரிந்தது. பிரெஞ்சை அவர் இரண்டு ஆண்டுகளாகப் படித்திருந்தார். ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார். அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்த பேக்கரி விளம்பரத்தையே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். தன் கடையின் விளம்பரத்தைத் தன்னிடமே ஒருவன் இந்தியாவிலிருந்து ஒப்பிப்பதைக் கேட்டு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது கதவுவரை கேட்டது. சரசுவின் முகம் மாறியது. பதினைந்து நாட்களில் அந்த ஊரிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

பிறகு அந்தப் பெண் மெதுவாகப் பேசினார். வெளியுறவு ஒரு வார்த்தை கேட்டு, அகராதியைப் புரட்டி, அடுத்த வார்த்தை சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி அவ்வப்போது ஒலிபரப்பினார்.

"பேக்கரி தொறந்திருக்குது."

"ரொட்டி இருக்குது."

"ஆளுங்க நிக்கறாங்க. ஏதோ சத்தம். சண்டை..." ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இல்ல இல்ல. பயந்த சத்தம் இல்ல. நம்ம தண்ணி வரிசையில குடத்த முன்னாடி தள்ளி வெச்சா வரும் பாரு, அந்தச் சத்தம்."

கடைசியாக அவர் கேட்க வந்ததைக் கேட்டார். இந்தியாக்காரர்கள். சிமென்ட் தொழிற்சாலை. அந்தப் பெண் உற்சாகமாக ஏதோ ஆரம்பித்தார். 'சிமென்ட்' என்ற சொல் எனக்கே கேட்டது. லைன் அறுந்தது.

பசவராஜ் பதினோரு தடவை முயன்றார். கிடைக்கவில்லை.

"சிமென்ட்டுன்னு சொன்னாளே, அப்புறம் என்னா சொன்னா?" என்றார் சரசு. கதவைச் சாத்திய பிறகு வெளியுறவிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"கட் ஆயிடுச்சிம்மா."

"நல்ல சேதி சொல்ற கொரலா, கெட்ட சேதி சொல்ற கொரலா?"

"அந்தம்மா கொரலு எனக்குப் பழக்கம் இல்லியேம்மா."

ஓனரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பாகுன்னாடுன்னு ஒரு வார்த்த சொல்லேன்யா! புள்ள எப்படி நிக்குது பாரு. நல்லா இருக்கான்னு சொன்னா ஒன் வாயி வெந்துருமா?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன், அதையும் பதிவுசெய்ய வேண்டும். "சொல்லிடுங்களேன்" என்று அவர் காதருகே சொன்னேன். என் தொழிலில் அதற்கு 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று பெயர்.

அவர் தாளை மடித்தார்.

"நானா சொன்னா அது என் பழனி," என்றார். "அந்தப் பழனி இல்ல."

வசவுகளைக் கேட்டுக்கொண்டே நடந்து போனார். ஓனரம்மா மூன்று மொழிகளிலும் திட்டினார். சரசு பண்ணைக்குத் திரும்பிப் போய் மாலை வரை பூக்கட்டினார்.

பழனியின் போன் நான்காம் நாள் வந்தது. கலவரம் தொடங்கிய அன்றே தொழிற்சாலைக்காரர்கள் வெளியூர் ஆட்களை எல்லாம் மதில்சுவருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். உள்ளே தொலைபேசி செத்துவிட்டது. எதிர்க் கடையிலிருந்து தினமும் காலையில் வண்டியில் ரொட்டி வந்தது. அந்தப் பெண் பாதியில் விட்டது அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று சரசுவிடம் கேட்டேன், அந்த நான்கு நாட்கள் எப்படிப் போயின என்று.

"அவரு நல்லா இருக்காருன்னு அண்ணன் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் சார். எல்லாரும் சொல்லச் சொன்னதுக்கு அப்புறம் சொன்னதுதானே. அவரு சொல்லல பாருங்க, அதனால பேக்கரி தொறந்திருக்குதுங்கறது நெசமாப் போச்சு. வரிசையில சண்டை போட்டுகிட்டு ரொட்டி வாங்கற ஊருல கொலையா பண்ணுவாங்க? அத வெச்சே நாலு நாள ஓட்டிட்டேன்." தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னார். "அண்ணனுக்கு ரெண்டு நாளா சோறு எடுக்கலியாம். போயி குடுத்துட்டு வரேன்."

ஒன்றரை மாதத்தில் பழனி திரும்பினார். சரசுவுக்கு ஒரு துணி, எனக்கு ஒரு பேனா. வெளியுறவுக்கு அந்த ஊர்ப் பேப்பர். புறப்பட்ட அன்று காலை பேக்கரியில் வாங்கியது. பன்னிரண்டு பக்கமும் முழுதாக, கசங்கக்கூடாது என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டி, பெட்டியின் அடியில் தட்டையாகக் கொண்டுவந்திருந்தார்.

வெளியுறவு முதலில் மேல்மூலையைப் பார்த்தார். தேதி இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முயன்றார். புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார். கிழியாத பேப்பரில் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னாண்ணா, நல்லா இல்லியா?" என்றார் பழனி, வருத்தத்தோடு.

"ரொம்ப நல்லா இருக்குதுப்பா," என்றார் வெளியுறவு. ஒவ்வொரு தாளாக எடுத்து, உள்ளங்கைக்குள் கவனமாகக் கசக்கி, உருண்டையாக்கினார். பன்னிரண்டு பக்கமும் உருண்டைகளானதும் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார்.

"மீட்டரு ஓடுதய்யா!" என்று ஓனரம்மா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். ஆனால் சுவிட்சை அணைக்க வரவில்லை.

அடுத்த ஆண்டு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இப்போது என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஊறுகாய் பாட்டில்களை அனுப்பும்போது சுற்றிலும் நம் ஊர்ப் பேப்பரைக் கசக்கி வைக்கிறேன். பார்சல் கடைக்காரர் பிளாஸ்டிக் தருகிறேன் என்பார், வேண்டாம் என்பேன். கிழிசல் இல்லாத தாள்களாகப் பார்த்து, மேல்மூலையில் தேதி இருக்கிறதா என்று சரிபார்த்து, மெதுவாகத்தான் கசக்குகிறேன். அந்தப் பக்கமும் யாரோ ஒருவரிடம் ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கலாம்.